பழைய கம்பைலரை ஓட வைத்தே தீர வேண்டுமா, மூல நிரலைப் பத்திரப்படுத்தினால் போதாதா?

தறியோடி

போன வாரம் வேறொரு இழையில் பிட்காவலர் எழுதியது இது: "பழைய கம்பைலரின் மூல நிரலை மீட்டு, இரண்டு மூன்று இடங்களில் நகல் வைத்துவிட்டால் பாதுகாப்பு வேலை முடிந்தது. அதை மறுபடி ஓட வைப்பது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு." அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் தனி இழை தொடங்குகிறேன்.

மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி ஓட்டும் பைனரியாக மாற்றுவது கம்பைலர். அது ஓடாவிட்டால் அந்தக் காலத்து மூல நிரலில் பாதிதான் நம் கையில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். சி மொழியின் ஆரம்ப காலத்தில், ஒரு மாறியோடு கூட்டி அதிலேயே வைக்க இன்றுள்ள += கிடையாது, =+ என்றுதான் எழுதினார்கள். கழிப்பதற்கு =-. ஆக ஒரு மாறியின் பெயரை ஒட்டி =-1 என்று இருந்தால், அன்றைய கம்பைலர் அந்த மாறியிலிருந்து ஒன்றைக் குறைக்கும். இன்றைய கம்பைலரோ அதில் மைனஸ் ஒன்றைப் போட்டு வைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, வேறு வேலையைச் செய்யும். இப்படிப்பட்ட கோப்பை வைத்துக்கொண்டு "பாதுகாத்துவிட்டோம்" என்று எப்படிச் சொல்வது?

பிட்காவலர்

=- எப்படி வேலை செய்தது என்பதை நீங்களே நாலு வரியில் விளக்கிவிட்டீர்கள். எந்தக் கம்பைலரையும் ஓட்டிப் பார்க்காமல்தானே? அந்தக் காலக் கையேடுகளில் அது எழுதியிருக்கிறது. கையேடும் மூல நிரலும் சேர்ந்து இருந்தால், புரிந்துகொள்ள நினைக்கிறவருக்கு வழி இருக்கிறது.

நான் வரிசையைப் பற்றித்தான் பேசுகிறேன். பழைய நிரல்கள் இருக்கும் காந்த நாடாவில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு, தகவல் இருக்கும் பூச்சே உரிந்து வரும். அதனால் சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து, ஈரத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுவதற்குள் படித்தாக வேண்டும். சில நாடாக்களுக்கு ஒரே வாய்ப்புதான். அந்த ஒரு ஓட்டத்தில் பிட்டுகளை மட்டும் எடுக்காமல், தலையிலிருந்து வரும் மின்அலையையே பதிந்து வைக்க வேண்டும். இன்று புரியாத இடத்தை நாளைக்கு நல்ல மென்பொருளால் அந்த அலையிலிருந்தே படிக்கலாம்.

பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளை 2050-லும் எழுதலாம். நாடாவை 2050-ல் படிக்க முடியாது. இந்த வேலை தெரிந்த கைகள் மிகக் குறைவு, அவற்றை எதற்குக் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

சுருக்கெழுத்தன்

இரண்டு பேருமே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இடத்திலிருந்து பேசுகிறீர்கள். எனக்கு அதிலேயே சந்தேகம். 1957-ல் ஐபிஎம் 704-க்காக ஜான் பேக்கஸ் குழு எழுதிய ஃபோர்ட்ரான் கம்பைலர் முக்கியம், சரி. முதல் சி கம்பைலர் முக்கியம். ஆனால் ஏதோ ஒரு நிறுவனம் தன் ஒரே ஒரு கணினிக்காக எழுதி, ஐந்து வருடத்தில் கைவிட்ட கம்பைலர்? எல்லாவற்றையும் காப்பாற்றக் கிளம்பினால் முக்கியமானதற்குச் செலவிட நேரம் இருக்காது. இருபது கம்பைலரைத் தேர்ந்தெடுத்து, அவற்றை முழுமையாகச் செய்யுங்கள்.

தறியோடி

சுருக்கெழுத்தன், எந்த இருபது என்று யார் சொல்வது? 1972-ல் சி ஒரு சின்னக் குழுவின் உள்வேலை. அது உலகம் முழுக்கப் போகும் என்று தெரிந்து யாரும் நாடாவை எடுத்து வைக்கவில்லை. தற்செயலாக மிஞ்சிய இரண்டு நாடாக்களால்தான் சியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியின் ஆரம்ப காலக் கம்பைலர்கள் இரண்டு இன்று நம்மிடம் இருக்கின்றன. ஒன்று பிடிபி-11/20 கணினியை விட்டு அடுத்ததற்கு நகரும் நேரத்தில் எடுத்த நகல். இன்னொன்று அதற்குக் கொஞ்சம் பிந்தியது, பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் வசதி மொழிக்குள் முழுதாக வருவதற்கு முந்தியது.

அந்த நிரலில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள், பார்க்கவே பிரமிப்பாக இருக்கும். நினைவகம் போதாததால், தற்காலிகத் தரவை எழுத கம்பைலர் தன் நிரலின் தொடக்கப் பகுதியையே எடுத்துக்கொள்கிறது. தொடக்க வேலைகளைச் செய்யும் கட்டளைகள் ஒருமுறை ஓடி முடிந்ததும் அவற்றின் மேலேயே எழுதி அழித்துவிடுகிறது. முந்தைய கம்பைலரில் ஒரு ஃபங்ஷனின் பெயரைச் சொல்லி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பிந்தையதில் நேராகப் பூஜ்யம் என்ற முகவரியையே எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவது எழுதப்பட்டபோது கணினியில் நினைவக மேப்பிங் வசதி (நிரலின் முகவரிகளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைப்பது) இல்லை, இரண்டாவதன் காலத்தில் வந்துவிட்டது என்று அதை வைத்தே சொல்ல முடிகிறது. இது ஓடும்போது நடக்கிற கூத்து. ஓட விட்டு, நினைவகத்தை ஒவ்வொரு படியாகப் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் புரிதல் கோப்பை மேலோட்டமாகப் படிக்கிறவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று. முதல் பதிப்பு யுனிக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் 1972-ல் அச்சிட்ட காகிதமாகத்தான் மிஞ்சியது. 2008-ல் யுனிக்ஸ் மரபுக் குழுவின் தன்னார்வலர்கள் அதன் ஸ்கேனை எழுத்துணரி வழியாக உரையாக்கி, கையால் திருத்தி, சிமுலேட்டரில் (எமுலேட்டர் போன்றதுதான்) ஓட வைத்தார்கள். மங்கிய அச்சில் ஒன்று என்ற எண்ணும் சின்ன எல் எழுத்தும் ஒரே மாதிரித் தெரியும், பூஜ்யமும் ஓ எழுத்தும் அப்படித்தான். எவ்வளவு திருத்தினாலும் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? அசெம்பிள் செய்து, அதாவது கணினிக் கட்டளைகளாக மாற்றி, ஓட்டினால்தான் தெரியும். ஓட்டிப் பார்ப்பதுதான் அங்கே மெய்ப்புத் திருத்தம், அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளக் கூடாது.

பிட்காவலர்

காகிதத்திலிருந்து மீட்கும்போது ஓட்டிச் சரிபார்ப்பது மீட்பு வேலையின் பகுதிதான், அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நினைவக விஷயம் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? அந்த நாடாக்களின் கோப்புகளை வெளியிட்டபோது ரிச்சி தானே ஒரு குறிப்பு எழுதினார். நிரலைப் படித்து, தன் நினைவோடு சேர்த்து வைத்துச் சொன்னார். அவர் 2011-ல் போய்விட்டார். பேக்கஸ் 2007-லேயே போய்விட்டார். நாடாவுக்கு அடுத்தபடியாக நேரம் போக வேண்டியது மனிதர்களிடம். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டால், "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். எமுலேட்டர் அந்தப் பதிலைச் சொல்லாது.

விளிம்புரை

இதுவரை வரலாற்று ஆர்வம் என்ற கோணத்திலேயே பேசுகிறீர்கள். பழைய கம்பைலர் இன்றைக்கும் வேலைக்கு வேண்டியிருக்கிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் தன் டியூரிங் விருது உரையில் (அது 1984-ல் அச்சானது) காட்டியதை நினைத்துப் பாருங்கள். லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது ரகசியக் கதவு வைக்கிற கம்பைலர், தன்னையே கம்பைல் செய்யும்போது அந்தத் தந்திரத்தைப் புதிய பைனரிக்குள்ளும் நுழைத்துவிடும். மூல நிரலில் தேடினால் ஒன்றும் இருக்காது. பைனரியில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். தாம்ப்சனின் அந்த நிரலே 2023-ல் விளக்கத்தோடு வெளியாகிவிட்டது.

இதிலிருந்து தப்ப ஒரு வழி, கண்ணால் சரிபார்க்கக்கூடிய அளவு சின்ன பைனரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்டுவது. கிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தினர் 2023-ல் 357 பைட் நிரலிலிருந்து தொடங்கி அதைச் செய்து காட்டினார்கள். வழியில் எதன் மேல் ஏறிப் போனார்கள் தெரியுமா? ஜிசிசி கம்பைலரின் 2001-ல் வந்த 2.95.3 பதிப்பு, அப்புறம் 4.6 வரிசை. ஏனென்றால் 4.8-லிருந்து ஜிசிசியைக் கட்டவே சி++ கம்பைலர் வேண்டும், வெறும் சி போதாது. பழைய பதிப்புகள் ஓடும் நிலையில் இல்லாமல் போயிருந்தால் நடுவில் படி உடைந்திருக்கும். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஒகேமல் மொழியில் எழுதப்பட்டது, பிறகு ஒவ்வொரு பதிப்பையும் கட்ட முந்தைய பதிப்பு வேண்டும். அங்கேயும் இதே கதைதான்.

சுருக்கெழுத்தன்

விளிம்புரை சொன்னது எனக்கு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. இன்றைய கருவிகளின் பின்னால் இருக்கும் சங்கிலியில் வருகிற கம்பைலரை ஓடும் நிலையில் வையுங்கள், மற்றவற்றுக்கு நாடாவின் நகல் போதும். 704 ஃபோர்ட்ரான் எந்தச் சங்கிலியிலும் இல்லை.

உரிமப்பார்வை

யாரும் சட்டத்தைத் தொடவில்லை. ஓட வைக்க உழைப்பு இருந்தும் அனுமதி இல்லாமல் நின்றுபோகிற இடங்கள் நிறைய. பழைய யுனிக்ஸ் பதிப்புகளை எல்லோரும் தைரியமாகத் தொட முடிவது, 2002 ஜனவரியில், அன்று அவற்றின் உரிமையை வைத்திருந்த கால்டெரா நிறுவனம் தாராளமான உரிமத்தைக் கொடுத்ததால்தான். ஃபோட்டோஷாப் 1.0.1-ஐப் பாருங்கள். கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013-ல் அதன் மூல நிரலை வெளியிட்டது, சுமார் 1,28,000 வரிகள், பெரும்பகுதி பாஸ்கல் மொழியில். ஆனால் ஆப்பிளிடம் உரிமம் பெற்றுப் பயன்படுத்திய மேக்ஆப் என்ற நிரல் நூலகம் மட்டும் அதில் இல்லை. அதாவது வெளியிட்டதை அப்படியே கம்பைல் செய்ய முடியாது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும், வேறு தளத்தில் ஏற்றவும் கூடாது. மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 2014-ல் அதே மாதிரிக் கட்டுப்பாடுகளோடு வந்து, 2018-ல் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. அதன் பிறகுதான் அதை எடுத்து மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் வழி கிடைத்தது. உரிமையாளர்களிடம் கேட்டு வாங்குவதும் நேரத்தோடு நடக்க வேண்டிய வேலை. நிறுவனம் இரண்டு கை மாறிவிட்டால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

தறியோடி

பிட்காவலர் சொன்ன வரிசையில் நாடா முதலில் வருவதை எதிர்க்கவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2025-ல் கிடைத்த யுனிக்ஸ் நான்காம் பதிப்பு நாடாவிலும் அப்படித்தான் செய்தார்கள், அலையாகப் பதிந்து பிட்டுகளை எடுத்தார்கள். ஆனால் எடுத்த கையோடு சிமுலேட்டரில் ஓட்டியும் பார்த்தார்கள். நாடா வேலையைத் தடுக்காமலே இரண்டாவது வேலை நடந்தது, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

சுருக்கெழுத்தனுக்கும் உங்களுக்கும் ஒரே வேண்டுகோள். மூல நிரல் இருக்கிறதே என்று பைனரியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் சொன்ன 2008 மீட்பில் கெர்னல் காகிதத்திலிருந்து வந்தது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லும் மற்ற கட்டளைகளும் பழைய நாடாவில் பைனரியாகக் கிடைத்தவை. அவற்றை யாராவது "தேவைப்பட்டால் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம்" என்று விட்டிருந்தால், அந்தக் கெர்னல் எழுந்து நின்று ஒரு கட்டளையைக்கூட ஓட்டியிருக்காது.

பிட்காவலர்

நாடாவின் முழுப் படிமத்தையும் (பிட்டுக்குப் பிட் நகல்) தொடாமல் வைக்க வேண்டும், அதில் நமக்குள் வேறுபாடே இல்லை. கோப்புகளைப் பிரித்து மூல நிரலை மட்டும் ஏற்றுகிறவர்களோடு நானும் சண்டை போட்டிருக்கிறேன். கூடவே எந்தக் கணினி, எந்த அசெம்பிளர், எந்த நூலகம், எந்த வரிசையில் கட்டினார்கள் என்ற குறிப்பையும் படிமத்தோடு சேர்த்து வைக்கச் சொல்வேன். எமுலேட்டரை யார் எழுதினாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாடாவைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் நம்மிடம் வந்து எதில் இறங்கட்டும் என்று கேட்டால், இன்னும் படிக்காத நாடாவைத்தான் காட்டுவேன்.