டிராடவுன்: ‘நீர்மட்டக் குறைவு’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது மட்டம் இறங்குவதை ஆங்கிலத்தில் டிராடவுன் (drawdown) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நீர்மட்டக் குறைவு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் கலைச்சொல் இழை முடியப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள். மழை பொய்த்தோ, வருஷக்கணக்கில் அதிகமாக உறிஞ்சியோ ஒரு வட்டாரமே வற்றுவதுதான் நீர்மட்டக் குறைவு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு 4 முறை அளந்து பார்ப்பது இதைத்தான். டிராடவுன் வேறு. அதில் கிணற்று மட்டம் மோட்டார் ஓடும்போது இறங்கி, நிறுத்தினால் மெல்ல ஏறிவிடும்.

இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று நேரிலேயே பார்த்தேன். ஓர் ஆழ்துளைக் கிணற்றில் இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விட்டோம். ஈரம் பட்டு நிறம் மாறிய இடம் 19 மீட்டர் ஆழம் காட்டியது. பதிவேட்டில் எழுதப் போகும்போது தோட்டக்காரர் தடுத்தார்: “இப்பத்தாங்க மோட்டார நிறுத்துனேன், இன்னும் ஊறலீங்க.” மறுநாள் விடிகாலையில் அதே நாடா 12 மீட்டர். இடையிலிருந்த 7 மீட்டர்தான் டிராடவுன். அதை நிலத்தடி நீர் இறங்கிவிட்டதாகக் கணக்கில் ஏற்றியிருப்போம்!

அதனால் சொல்லுக்குள் இறைப்பு இருந்தே ஆக வேண்டும். ‘இறைதாழ்வு’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ‘இறை’ என்றதும் கடவுள்தான் முன்னால் வருகிறார். ‘இறைப்பிறக்கம்’ என்றாலோ ‘இறை’, ‘பிறக்கம்’ என்று பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. என் பரிந்துரை ‘இறைப்புத்தாழ்வு’. நீளம்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னாலே பொருள் புரிகிறது. மோட்டார் ஓடாதபோது இருப்பது ஓய்வுமட்டம், ஓடும்போது இருப்பது இறைப்புமட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இறைப்புத்தாழ்வு. கிணற்றைச் சுற்றி நிலத்துக்குள் நீர்மட்டம் கூம்பாகக் குழிவதைத் ‘தாழ்வுக்கூம்பு’ எனலாம். பக்கத்துத் தோட்டத்துக் கூம்பும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் இரண்டு கிணறுகளிலும் மட்டம் இன்னும் கீழே போகிறது. அதை விளக்கவும் இந்தச் சொல் கைகொடுக்கும்.

அப்புறம், மோட்டாரை நிறுத்தியபின் மட்டம் திரும்ப ஏறுவதை ரிக்கவரி (recovery) என்பார்கள்; அதற்கு ‘மீட்சி’ என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தோட்டக்காரர் வாயிலேயே சொல் இருக்கிறதே: ஊறல். சாராய ஊறல் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் புரிகிறது. கிணற்றைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் அது தோன்றாது. ‘ஊறல் நேரம் 6 மணி’ என்று படிவத்தில் அச்சிட்டால் எந்த விவசாயியும் விளக்கம் கேட்க மாட்டார்.

‘தாழ்வு’க்குப் பதில் ‘இறக்கம்’தான் வேண்டும் என்பவர்கள், கூம்புக்கும் ஒரு பெயர் சேர்த்தே எழுதுங்கள்.