வெயில் தேடிப் போன வேன், கொள்ளுக்குடிப்பட்டியில் நின்றது

மலைக்காரி:

வேனில் ஊர் சுற்றுகிறவர்கள் வழியில் சந்தித்த மனிதர்களையும் பறவை, மிருகங்களையும் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் பங்கு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஊட்டி. மார்கழி, தை இரண்டு மாதமும் விடிகாலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. வீசிங் இருக்கிற என் வீட்டுக்காரருக்கோ அந்த இரண்டு மாதமும் படுத்துத் தூங்க முடியாது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கினோம். சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு பேர் படுக்கக் கட்டில், 5 கிலோ சிலிண்டர், 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தோம். மாற்றியதை ஆர்.சி.யில் பதிந்து வாங்குவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. போன மார்கழிக் கடைசியில் கிளம்பினோம். எந்த ஊர் என்று முடிவு செய்யவில்லை. வெயில் அடிக்கிற ஊராக இருந்தால் போதும்.

குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மேட்டுப்பாளையம் வந்தபோதே ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். திண்டுக்கல்லில் ஓர் இரவு. மறுநாள் நத்தம், சிங்கம்புணரி வழியாகத் திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்). நல்ல மழை பெய்த வருஷம், கண்மாய்கள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. டீ குடித்த இடத்தில் ஒருவர், "காரைக்குடிக்கு நாளைக்குப் போகலாம்மா. இப்ப மதுரை ரோட்டுல கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்க, பறவை வந்திருக்கு" என்றார். சரி என்று வண்டியைத் திருப்பினோம்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று பலகை இருக்கும். 1977இல் அறிவித்தது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்தான், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். நாங்கள் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊர்க்காரர்களிடம் கேட்டு, கரையைவிட்டுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். இரவில் அவருக்கு நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கி மூச்சுக்குக் கொடுக்கிற மிஷின்) வைக்க வேண்டும். அதற்காக ஒரு சின்ன ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அதைப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் எங்களை நோக்கி வந்தது.

வயதான அம்மா ஒருவர், கூடப் பேரன். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் நேராக அந்த மிஷினைப் பார்த்தார். "தாயி, இத அமத்திருங்க. மரத்துல குஞ்சு கெடக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. தூங்குகிற பிள்ளை பக்கத்தில் சத்தம் போட்டால் நாம் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னார்.

உடனே நிறுத்திவிட்டேன். நெபுலைசர் விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, வீட்டுக்கு வாங்க, கரண்டு இருக்குல்ல" என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் என் வீட்டுக்காரர் முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்க, அந்தப் பையன் மிஷினிலிருந்து வருகிற புகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பத்தா எனக்கு சுக்குக் காப்பி கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் சொன்னார்: "எங்க ஊருல தீபாவளிக்கு வெடி போடுறதில்ல தாயி. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இப்படித்தான். அதுக மழைக்குத்தான் வருதுக, தீபாவளியும் அப்பத்தான் வருது. புள்ள பெக்க வந்தவள வெடிய போட்டு வெரட்டுவமா?" தீபாவளிக்கு வனத்துறைக்காரர்கள் வந்து இனிப்பு கொடுப்பார்கள் என்று பையன் சேர்த்துக்கொண்டான். பத்திரிகையில் இதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது வேறு.

ஓர் இரவு தங்க வந்தவர்கள் ஆறு நாள் இருந்தோம். பையன் விடிவதற்கு முன்னாலேயே வேன் கதவை விரலால் மெல்லத் தட்டுவான். கருவேல மரங்கள் பாதி தண்ணீருக்குள் நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் பத்து, பன்னிரண்டு கூடு. நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினான். ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும், வெயில் ஏறிவிட்டது. ஒரு மஞ்சள் மூக்கு நாரை கூட்டின் விளிம்பில் நின்று, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு இறக்கையையும் பாதி விரித்தபடி அசையாமல் நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். வெயில் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பிக்கொண்டது. முக்கால் மணி நேரம் பார்த்தோம். வாய் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றது, ஆனாலும் இறக்கையை மடக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்தபடி விடிய வைத்த எத்தனையோ இரவு அவர் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறேன், அதை நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே இருந்த ஆறு நாளும் அவர் படுத்துத் தூங்கினார். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம் காரைக்குடிப் பக்கம். கானாடுகாத்தான் தெருவில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பிள்ளைகள் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "ஷூட்டிங்கா? உள்ளே யாரு?" என்பதுதான். அந்த ஊரில் கேரவன் என்றால் சினிமாதானே. அங்கே இருக்கிற செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நிறைய பேர் எழுதியாயிற்று. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் அந்த வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டோம். கண்ணாடித் தகடுமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பித்தளை அச்சு. கரண்டியால் கலர் சிமெண்டை மோந்து ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், கலர் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. மேலே காய்ந்த கலவையைத் தூவி, அப்புறம் சாந்து வைத்து நிரப்புகிறார். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். கண்ணாடியைப் பிரித்ததும் பளபளவென்று முகம் தெரிகிறது. அடுப்பும் இல்லை, சூளையும் இல்லை. மிஷின் ஏதும் வைக்கவில்லையா என்று கேட்டேன். "கைக்குத்தாம்மா கலர் கேக்கும்" என்றார்.

பணியாரம் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பிடிக்கப் போன வீட்டு ஆச்சி, "வேனுக்குள்ள என்னத்தச் சமைப்பிய?" என்று கேட்டு, கையோடு உள்ளே அழைத்துப் போனார். ஒரு ஆழாக்கு பச்சரிசி, அதே ஆழாக்கின் தலைமேல் கோபுரமாக உளுந்து, அதுதான் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பு, ஒரு கரண்டி பால், துளி சர்க்கரை. காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றினால் வெள்ளைப் பணியாரம் பூரி மாதிரி எழும்பும், சிவக்க விடக் கூடாது. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. எனக்கு முதல் மூன்று ஈடும் தட்டையாகப் போயின. ஆச்சி பக்கத்திலேயே நின்று, "மாவு தண்ணியாப் போச்சுடியம்மா, ஒரு கை அரிசி மாவப் போடு" என்றார். நாலாவது எழும்பியது.

கண்மாய்க்கரை:

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருப்பத்தூர்க்காரன், பதினைந்து வருஷமாக அந்தக் கரையில் பறவை பார்க்கிறேன். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அங்கே கேட்கிற இரைச்சலில் பெரும்பகுதி குஞ்சுகளுடையது. வளர்ந்த நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம், அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும்.

ஒரு தை மாதக் காற்றில் நத்தை குத்தி நாரைக் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்து கரையோரம் கிடந்தது. ஊர்ப் பையன் ஒருவன் துண்டால் மூடி எடுத்து வந்தான், வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் வரும்வரை ஒரு மணி நேரம் என் மடியில் இருந்தது. பெரிய பறவைக்கு அலகின் நடுவில் இடைவெளி இருக்கும், மூடினாலும் மூடாது. குஞ்சுக்கு அது இல்லை. அலகு நேராக இருந்தது. நத்தை தின்று வளர்கிற வயதில்தான் அந்த இடைவெளி வரும். அது மடியில் நடுங்கிக்கொண்டே இருந்த சூடு இன்னும் தொடையில் இருக்கிறது.

பள்ளத்தூர்க்காரி:

என்னுடையது பறவை இல்லை, வேன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. முதல் வருஷம், நத்தம் தாண்டியதும் இரண்டு பாதத்திலும் கொப்புளம். சாலை ஓரத்தில் இப்படித்தான் ஒரு வேன் நின்றது. அதிலிருந்த அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் எந்த ஊர், என்ன பெயர் என்று இன்றுவரை தெரியாது. பழனியில் முருகனைப் பார்த்தபோது அவருக்காகவும் கும்பிட்டேன். இப்போது வருஷா வருஷம் அந்த இடத்தில் நின்று, வலிக்கிற காலோடு வருகிறவர்களுக்கு நான் வாளி வைக்கிறேன்.

வேனில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்து ஊருணிகளில் துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ இறங்காதீர்கள். அது குடிக்கிற தண்ணீர். கேட்டால் எந்த வீட்டிலும் கிணற்றில் இறைத்துக் கொடுப்பார்கள்.

மலைக்காரி:

பள்ளத்தூர்க்காரி, நீங்கள் சொன்னதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா நான் இல்லை, ஆனால் அடுத்த வருஷம் உங்கள் வாளிக்குப் பக்கத்தில் எங்கள் வாளியும் இருக்கும்.

கண்மாய்க்கரை, அலகு விஷயம் எனக்குப் புதுசு. இந்தத் தடவை பையனோடு உட்கார்ந்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

ஜெனரேட்டரை விற்றுவிட்டோம். கூரைமேல் சோலார் பேனலும் உள்ளே பேட்டரியும் வைத்தாயிற்று, நெபுலைசருக்கு அது தாராளம். நாங்கள் ஊட்டிக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பையன் அவன் அப்பா போனிலிருந்து வாரம் ஒரு தடவையாவது பேசிவிடுவான். இந்தத் தீபாவளி ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். இங்கே எங்கள் தெருவில் வெடிச் சத்தம், ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக் கேட்டோம். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தவளைச் சத்தம். மழை விட்டு மரம் சொட்டுகிற சத்தம். நடுவில் ஒரு வக்கா (இராக்கொக்கு) கத்திக்கொண்டு மேலே பறந்து போனது. கடைசியில் அப்பத்தா குரல் மட்டும் மெதுவாக, "வந்துருச்சுக தாயி."