மூணடி உப்புநீர்த் தொட்டியில் எதோடு எது சேரும்?

(தென்னாப்பிரிக்க மீன் வளர்ப்பவர்கள் பேசிக்கொண்டது, ஒவ்வொருவரும் ஊர்ப் பெயரில்.)

பீனிக்ஸ், டர்பன்:
தொட்டி 90 × 45 × 45 செ.மீ. லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) 15 கிலோ, மணல் 3 செ.மீ. ஓட ஆரம்பித்து எட்டு வாரம். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. விட நினைக்கும் மீன்கள்: ஆசெல்லாரிஸ் க்ளவுன் 2, டோமினோ டாம்செல் 3, ராயல் க்ராமா 1, பவுடர் ப்ளூ டாங் 1, ஃபயர்ஃபிஷ் 2, மாண்டரின் 1. இவற்றோடு பழகியவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்:
தம்பி, உன் தொட்டி கணக்குக்கு 182 லிட்டர். கல்லும் மணலும் போக 150 நிற்கும். அதை வைத்தே பேசுவோம்.

முதலில் பவுடர் ப்ளூவை அடித்துவிடு. வளர்ந்தால் 20 செ.மீ. தாண்டும். நாளெல்லாம் பாறையை மேய்ந்துகொண்டே நீந்துகிற மீன், அதற்கு ஆறடி நீளம் வேண்டும். மூணடியில் நாலு வீச்சில் திரும்பித் திரும்பி, தெரிகிற மீனையெல்லாம் வாலடியில் இருக்கும் கத்தி போன்ற முள்ளால் கீறும். வெள்ளைப்புள்ளி நோய் முதலில் ஏறுவதும் இதன் மேல்தான். கடையில் பளபளவென்று நிற்கும், பத்தாம் நாள் உப்பு தூவியதுபோல் ஆகிவிடும்.

டோமினோ அடுத்தது. 3 செ.மீ. குட்டியாக, கறுப்பில் மூன்று வெள்ளைப் பொட்டோடு கொள்ளை அழகு. விலையும் மலிவு. ஒன்றரை வருஷத்தில் பொட்டு மங்கி, உள்ளங்கை நீளத்துக்கு வந்து, தொட்டியில் பாதியைத் தன் பட்டா நிலமாக்கிக்கொள்ளும். மூன்று விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். வெளியே எடுப்பது அதைவிடப் பாடு, வலையைக் கண்டாலே கல்லுக்குள் போய்விடும். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு, ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு வைத்தால் சிக்கும். அவசரப்பட்டு முதல் தடவை கோட்டை விட்டால் அப்புறம் பாட்டில் பக்கமே வராது.

க்ளவுன் இரண்டும் சரி. ஆனால் ஒரே அளவில் வாங்காதே. க்ளவுன் எல்லாம் முதலில் ஆண், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். ஒன்று 5 செ.மீ., மற்றது 3 செ.மீ. என்று எடுத்தால் யார் பெரியவர் என்ற தகராறு முதல் நாளே தீர்ந்துவிடும். சின்னது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுங்கவைத்தால் பயப்படாதே, அது பணிவு. வாயும் வாயும் கவ்விக்கொண்டு சுழன்றால்தான் ஆபத்து. சின்னதைத் துளைபோட்ட பெட்டியில் வைத்து, தொட்டிக்குள்ளேயே பத்து நாள் தொங்கவிடு. மூன்றாவது க்ளவுன் வேண்டவே வேண்டாம். நம் கரையோரத்து இரட்டைப் பட்டை க்ளவுனையும் இதோடு சேர்க்காதே, இனம் வேறு, உடம்பும் பெரியது. கடலில் நீயே பிடித்துப் போடலாம் என்றும் நினைக்காதே, 1998 கடல்வாழ் உயிர்வளச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும்.

டோங்காட்:
க்ராமா வாங்கும்போது கண்ணைத் திறந்து பாருங்கள். கடையில் அதே ஊதா-மஞ்சளில் ராயல் டாட்டிபேக் என்று இன்னொன்று இருக்கும், பல கடையில் பெயர்ச் சீட்டே மாறிக் கிடக்கும். க்ராமாவுக்கு ஊதா மெல்ல மெல்லக் கரைந்து மஞ்சளாகும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். டாட்டிபேக்குக்குக் கத்தியால் வெட்டினாற்போல் நடுவில் நிறம் மாறும், பொட்டு கிடையாது. முன்னது தன் பொந்து வாசலில் வாயைப் பிளந்து மிரட்டுவதோடு சரி. பின்னது ஃபயர்ஃபிஷ்ஷை மூலைக்கு ஓட்டி, சாப்பிட விடாமலே கொன்றுவிடும்.

ஃபயர்ஃபிஷ் இரண்டு என்றால் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவையாக இருக்கவேண்டும், ஒரே பொந்துக்குள் இரண்டும் போவதைக் கடையிலேயே பார்த்து எடுங்கள். இல்லையென்றால் ஒன்று போதும். மேலே 6 மி.மீ. கண்ணி வலை மூடி கட்டாயம். விளக்கு பட்டென்று அணைந்தால் துள்ளும். காலையில் தரையில் காய்ந்த நெத்திலி மாதிரிக் கிடக்கும்.

மாண்டரினுக்கு எட்டு வாரத் தொட்டி போதாது. அது கல்லில் ஊரும் கோபிபாட் என்ற பொடி உயிர்களைக் கொத்தித்தான் வாழும், தூவும் தீனியைத் திரும்பியும் பார்க்காது. குறைந்தது ஒன்பது மாதம் ஆகட்டும். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடவேண்டும். வயிறு உள்வாங்கியிருக்கும் மீனை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லேனேசியா, ஜோகன்னஸ்பர்க்:
எதோடு எது என்பதற்கு முன்னால் எப்போது எது என்று பாருங்கள். சாதுவானது முதலில், சண்டைக்காரன் கடைசியில். க்ளவுனை முதலில் விட்டால் நாலு வாரத்தில் தொட்டியே தன்னுடையது என்று நினைக்கும். ஃபயர்ஃபிஷ், மூன்று வாரம் கழித்து க்ராமா, அதன்பிறகு க்ளவுன் ஜோடி. இந்த இடைவெளி சண்டைக்காக மட்டுமில்லை, கூடும் கழிவுக்கு ஏற்ப பாக்டீரியா பெருகவும் வேண்டும். சிக்ஸ்லைன் ராஸ் ஆசை யாருக்காவது வந்தால் அது எல்லாவற்றுக்கும் பின்னால். அதற்குப் பிறகு புது மீன் எதுவும் பிழைக்காது.

புது மீனை நோய் தீர ஒதுக்கி வைக்கும் தனித்தொட்டி இல்லாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். 50 லிட்டர், மணல் இல்லை, கல் இல்லை, பிவிசி குழாய்த் துண்டு இரண்டு, முக்கியத் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர். அவ்வளவுதான். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்குப் போடும் காப்பர் மருந்து கீலேட் வகை என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி., இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள். டெஸ்ட் கிட் இல்லாமல் கண்மதிப்பில் ஊற்றக்கூடாது, இறாலோ பவளமோ இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது. புள்ளி மறைந்தால் குணம் என்று நினைக்காதீர்கள். ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கி மணலில் கூடு கட்டியிருக்கும், கொஞ்ச நாளில் பல மடங்காகத் திரும்பி வரும். முக்கியத் தொட்டியில் வந்துவிட்டால் எல்லா மீனையும் எடுத்து, 76 நாள் காலியாக ஓடவிடவேண்டும்.

டர்பனிலிருந்து பையில் வரும் மீனுக்குச் சொட்டுக் குழாய் வைத்து இரண்டு மணி நேரம் பழக்குவது தப்பு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா விஷமாகும். திறக்காமல் 20 நிமிஷம் மிதக்கவிடுங்கள், தனித்தொட்டி உப்பை முன்கூட்டியே பைக்குச் சரியாக வைத்திருங்கள், மீனை மட்டும் கையால் மாற்றுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

பீனிக்ஸ்:
அண்ணே, அக்கா, நன்றி. க்ளீனர் ராஸ் ஒன்று விட்டால் ஒட்டுண்ணியைத் தின்றுவிடாதா?

சாட்ஸ்வொர்த்:
வெள்ளைப்புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது தம்பி, அதன் வாய்க்கு எட்டாது. நாலைந்து மீன் உள்ள தொட்டியில் அதற்குச் சாப்பாடும் கிடையாது. அதே நீலக் கோட்டோடு போலி ஒன்றும் விற்பனைக்கு வரும், அது ப்ளென்னி என்ற வேறு இன மீன். பக்கவாட்டில் பார்: ராஸுக்கு வாய் மூக்கு நுனியில், போலிக்கு மூக்குக்கு அடியில், சுறாவுக்கு இருப்பதுபோல். மீன் உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது துடுப்பைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

டோங்காட்:
லோட்ஷெடிங்கையும் (முறைவைத்து வரும் மின்வெட்டு) கணக்கில் சேர்த்துத்தான் மீன் எண்ணிக்கை போடவேண்டும். 2023 மாதிரி இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கரண்ட் போனால் முதலில் போவது சூடு இல்லை, ஆக்ஸிஜன். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 10 வாட் டிசி அலைப் பம்பு நாலு மணி நேரம் ஓடும். பம்பை மேற்பரப்பு கலங்கும்படி திருப்பி வையுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி போடவேண்டும். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைத்திருப்பவர்கள், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை போடுங்கள், தொட்டி பின்னோக்கி வடியாது. மாதம் ஒருமுறை அந்தத் துளையில் பாசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

லேனேசியா:
இங்கே இன்னொன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர். காற்றழுத்தம் குறைவு, அதனால் அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் ஏழு மீன் தாங்கும் தொட்டியில் இங்கே ஐந்தோடு நிறுத்துங்கள். ஒரே லாபம், காற்று வறண்டது. மேலே ஃபேன் வைத்தால் நன்றாகக் குளிரும். பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் டர்பன் ஃபேன் காற்றைத்தான் சுற்றும். ஆவியாகும் நீருக்குப் பதிலாக உப்பு கலக்காத ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றவேண்டும்.

பீனிக்ஸ்:
திருத்திய பட்டியல்: ஃபயர்ஃபிஷ் 1, க்ராமா 1, க்ளவுன் 2, கடைசியாக மஞ்சள் வாட்ச்மேன் கோபி 1, அதோடு டைகர் பிஸ்டல் இறால். சேருமா?

சாட்ஸ்வொர்த்:
சேரும். ஆனால் கோபியைக் கடைசியில் தள்ளாதே, க்ராமாவோடு சேர்த்து விடு. இறால் தனித்தொட்டிக் காப்பரில் நிற்காது, அதைத் தனியாகக் கொண்டு வா. இப்போதே கல்லை ஒருமுறை தூக்கிப் பார். கல் மணல்மேல் உட்கார்ந்திருந்தால், இறால் அடியைத் தோண்டி ஒரு ராத்திரியில் மொத்தத்தையும் கண்ணாடிமேல் சரித்துவிடும். மணலை ஒதுக்கிக் கல்லை அடிக்கண்ணாடியில் நேராக உட்காரவைத்து, பிறகு சுற்றிலும் மணலை 5 செ.மீ.க்கு ஏற்று. நடுவே உடைந்த பவளத் துண்டு இரண்டு கைப்பிடி கலந்துவிடு, இறால் சுரங்கத்துக்குக் கூரை போட அதைத்தான் தேடும்.