வியாசர்பாடி வீடு: செம்பைப் பிரித்த பிறகுதான் தராசு

வியாழன், இரவு, எங்கள் குடும்பக் குழு அரட்டை

நான்: எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு இன்று முடிந்தது. பட்டம் கைக்கு வருவதுதான் பாக்கி. அடுத்து போஸ்ட்டாக் போக விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். பழைய இரும்பை உருக்கி உயர்ந்த தர எஃகு செய்வது பற்றிய ஆராய்ச்சி.

அத்தை: மனசு நிறைந்துவிட்டது கண்ணு. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டியிருந்தேன். ஆடியில் எல்லோரும் போய் வரலாம்.

அம்மா: டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் படிப்பா? இன்னும் எத்தனை வருடம்?

நான்: இது படிப்பு இல்லை அம்மா, வேலை. மாதச் சம்பளம் உண்டு. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து நானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்வேன்.

பெரியப்பா: பாப்பா, வாழ்த்துகள். ஒரு சந்தேகம். பழைய இரும்பை உருக்குவதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது? நம் பழைய இரும்புக் கடையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு லோடு போகிறது, உருக்குகிறார்கள், கம்பியாக வருகிறது. நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்.

நான்: கம்பியாக வருகிறது, அதுதான் விஷயம் பெரியப்பா. அதே இரும்பு கார் கதவுத் தகடாக ஏன் வருவதில்லை?

பெரியப்பா: தகட்டுக்குப் புது இரும்புதான் வேண்டும் என்பார்கள்.

நான்: காரணம் செம்பு. உருகிய இரும்பில் ஆக்ஸிஜன் ஊதினால் கரி, சிலிக்கான், மாங்கனீஸ் எல்லாம் எரிந்து வெளியேறும், இல்லாவிட்டால் கசடோடு போய்விடும். செம்பு அசையாது. அதற்கு முன்னால் இரும்பே எரிய ஆரம்பித்துவிடும். தகர டப்பாவின் பூச்சு வழியாக வருகிற வெள்ளீயமும் அப்படித்தான். ஒருமுறை உள்ளே போனால் போனதுதான், அடுத்த முறை உருக்கும்போதும் கூடவே வரும்.

தம்பி: கொஞ்சம் செம்பு இருந்தால் என்ன அக்கா?

நான்: உருக்கி வார்த்த பாளத்தைச் சுட வைத்து உருளையில் தகடாக உருட்டும்போது மேல் தோலில் இரும்பு துருவாக மாறி உதிரும். செம்பு துருவாகாமல் அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். அது 1085 டிகிரியில் உருகிவிடும், உருட்டுகிற சூடு அதற்கும் மேலே. உருகின செம்பு இரும்பின் மணிகளுக்கு (நுண்ணிய படிகங்களுக்கு) நடுவே இறங்கும், உருளை அழுத்தின உடனே தோல் வெடிக்கும். என் ஆய்வு மாதிரித் துண்டு ஒன்றை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது வெடிப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் ஓடியது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மெல்லிய நூல் ஒரு பாளத்தையே கெடுத்துவிடுகிறது.

பெரியப்பா: எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

நான்: கட்டடக் கம்பி சுமார் 0.4 சதவீதம் தாங்கும். ஆழமாக அழுத்தி வளைக்கிற தகட்டுக்கு 0.06தான். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 4 கிலோவுக்கும் 600 கிராமுக்கும் உள்ள வித்தியாசம்.

பெரியப்பா: 600 கிராமா! ஒரு கார் டைனமோவை உடைத்தாலே அரைக் கிலோ சுருள் வருமே.

பெரியப்பா: அப்படியென்றால் ஒரு டன்னில் ஒரு டைனமோ தப்பினாலே கணக்கு முடிந்தது.

நான்: அதேதான் பெரியப்பா. உலகம் முழுக்க இதற்குத்தான் மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். காந்தம் வைத்துத் தூக்கினால் மோட்டாரும் சேர்ந்து வந்துவிடும், வெளிக்கூடு இரும்பாயிற்றே. லேசர் அடித்தும் கேமரா வைத்தும் பிரிக்கப் பார்க்கிறார்கள். வெற்றிடத்தில் செம்பை ஆவியாக்கவும் முயற்சி நடக்கிறது. நீங்கள் கல் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே அடியில் கூட்டை உடைத்து, சுருளை வெட்டி உருவி, காலால் தனியே தள்ளுவீர்களே, அதை எந்த இயந்திரமும் இன்னும் அவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை.

பெரியப்பா: எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது. செம்பைப் பிரித்த பிறகுதான் இரும்பு தராசுக்குப் போக வேண்டும் என்பார். காசுக்காகச் சொன்னார் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

சித்தப்பா: இப்போது திடீரென்று இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

நான்: புகைதான் காரணம் சித்தப்பா. நிலக்கரி போட்டு ஊதுலையில் இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு எடுத்தால் 2 டன்னுக்கு மேல் கரியமிலவாயு. பழைய இரும்பை மின்சாரத்தில் ஓடும் மின்வில் உலையில் உருக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸில் போர்ட் டால்பட் என்ற ஊரில் டாடா ஸ்டீல் ஆலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு மின்வில் உலை வருகிறது. அதனால்தான் இந்தத் துறையில் ஆட்களைத் தேடுகிறார்கள்.

அம்மா: எண்ணூர் ஆலைப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவள் இதைப் படிப்பது நல்லதுதான். எந்த ஊர் என்று சொல்.

நான்: இன்னும் முடிவாகவில்லை அம்மா. ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது, இரும்பு ஆராய்ச்சிக்கென்றே 1917இல் தொடங்கியது. பிரிட்டனின் ஸ்வான்ஸி, வார்விக், சுவீடனின் ஸ்டாக்ஹோம் எல்லாவற்றிலும் எஃகு ஆய்வு நடக்கிறது. உதவித்தொகை என்றால் ஜெர்மனியின் ஹும்போல்ட் இருக்கிறது, பட்டம் வாங்கி நான்கு வருடத்துக்குள் விண்ணப்பம் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி இன்னொன்று. அதற்கு, போகிற நாட்டில் கடந்த மூன்று வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நான் பேசின் பிரிட்ஜ் தாண்டியதே கல்லூரிக்குத்தான், அதனால் பிரச்சினை இல்லை. எல்லாவற்றுக்கும் முதலில் நம்மை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் வேண்டும். இரண்டு பேருக்கு எழுதிவிட்டேன்.

அத்தை: இந்தியாவில் இல்லையா கண்ணு?

நான்: இருக்கிறது அத்தை. தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு வருடம் தருகிறார்கள். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகமும் என் பட்டியலில் உண்டு. அதற்கும் போடுவேன்.

தம்பி: அக்கா, முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. எனக்கு அதனால் ஒரு மாதம் போனது. நாளைக்கே இரண்டையும் அனுப்பு, நான் பார்க்கிறேன்.

நான்: சரிடா. பெரியப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு பக்கம், கையால் பிரித்த பிறகு இரும்பில் எவ்வளவு செம்பு மிச்சம் நிற்கிறது என்று எழுத ஆசை. ஞாயிறு கடைக்கு வரட்டுமா? பத்து டைனமோ உடைத்து, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கலாம்.

பெரியப்பா: வா. பத்து எதற்கு, இருபதாகவே ஒதுக்கி வைக்கிறேன். கார் தனி, லாரி தனி. பெரிய தராசு கிராம் காட்டாது, பக்கத்து நகைக்கடையில் சின்னது கேட்டு வாங்கி வைக்கிறேன்.

பெரியப்பா: காலை ஏழுக்கே வந்துவிடு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டால் வண்டி நகராது. கெட்டிச் செருப்பு போட்டுக்கொண்டு வா பாப்பா, தரையெல்லாம் சில்லு.