எம்சிஏடி என்கிறார்கள், தூங்கும் குழந்தையை எழுப்பித்தான் பால் கொடுக்கணுமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். மகன் பிறந்த மறுநாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் சி8 என்ற கொழுப்புப் பொருளின் அளவு அதிகம் என்று கூப்பிட்டார்கள். மறுபடி எடுத்ததிலும் அப்படியே. எம்சிஏடி குறைபாடாக இருக்கலாம், கொழுப்பைச் சக்தியாக மாற்றும் நொதி சரியாக வேலை செய்யாது என்றார்கள், மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பிள்ளை நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், மாமியாரோ தூங்குற பிள்ளையை எழுப்பாதே என்கிறார். எங்க பக்கம் யாருக்கும் இல்லை, உன் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று வேறு சொல்கிறார். சர்க்கரை பார்க்கும் மிஷின் வாங்கி வைத்தால் போதுமா?

பொங்கோல் அப்பா:
எழுப்பிக் கொடுங்கள் சிஸ்டர், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வழி பாதியில் அடைபட்டிருப்பதால் சர்க்கரை விழும், மூளைக்கு மாற்று எரிபொருளான கீட்டோனும் போதிய அளவு வராது. எங்கள் மகளுக்கும் இதேதான், இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள், பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். வளர வளர இடைவெளி கூடும். ஆறு மாதத்துக்கு மேல் 8 மணி நேரம், ஒரு வயதுக்கு மேல் 10, இரண்டு வயதுக்கு மேல் 12 என்பது பொதுவான கணக்கு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு. அதுவும் பிள்ளை நன்றாக இருக்கும்போது மட்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

மிஷினை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரை கடைசியில்தான் இறங்கும், எண் சரியாக இருக்கும்போதே பிள்ளை துவண்டு போகலாம். குடிக்க மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ நேராக அவசரப் பிரிவு, எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றால் ஆம்புலன்சுக்கு 995. அங்கே குளுக்கோஸ் ட்ரிப் உடனே போடணும். அதை எழுதிய அவசரக் கடிதத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பையிலேயே வையுங்கள், இரவுப் பணியில் இருப்பவர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மணி அக்கா (ஓய்வுபெற்ற தாதி):
மாமியாரிடம் சொல்லும்மா, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு மாறிய மரபணு வந்தால்தான் இது வரும். சுமப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது, அதனால்தான் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு வாய்ப்பு, மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் பார்க்கச் சொல்லு. முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் ஒரு சாதாரண காய்ச்சலில் போய்விடுவார்கள், காரணமே தெரியாது. சிங்கப்பூரில் கேகே மருத்துவமனை 2006இல் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த விரிவான ரத்தப் பரிசோதனையைத் தொடங்கியதில் எனக்கு இன்றைக்கும் அவ்வளவு நிம்மதி.

தாய்ப்பால் தாராளமாகக் கொடு. ஆனால் எம்சிடி எண்ணெய் சேர்த்த பால்மாவு கூடவே கூடாது, அந்த நடுத்தரக் கொழுப்பைத்தான் இவனால் உடைக்க முடியாது. அது தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுப்பது, அதனால் திட உணவு தொடங்கும்போது தேங்காய்ப்பால் பற்றி உணவியல் நிபுணரிடம் கேள். விஎல்சிஏடி என்று நீளமான கொழுப்பை உடைக்க முடியாத இன்னொரு குறைபாடு இருக்கிறது, அதில் எம்சிடி எண்ணெயே வைத்தியம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்வதை இவனுக்குச் செய்துவிடாதே.

ஈசூன் அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கடிதத்தை நாளைக்கே கேட்கிறேன். தடுப்பூசி போடலாமா?

பொங்கோல் அப்பா:
கண்டிப்பாகப் போடுங்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பால் இடைவெளியைக் குறையுங்கள், அவ்வளவுதான்.