ஸ்டார்டியூ வேலி (பண்ணை விளையாட்டு): அறுத்த புல் எல்லாம் எங்கே போகிறது?

அரூர்_கோழிக்கூடு
விளையாட்டில் முதல் வருஷம், இலையுதிர் காலம் 17ஆம் தேதி. நாலு மாடு, எட்டுக் கோழி. குளிர்காலத்தில் புல் வளராது என்று கேள்விப்பட்டு, நேற்று ராத்திரி உட்கார்ந்து வடக்குப் பக்கம் பாதியை அரிவாளால் வழித்துவிட்டேன். பையைத் திறந்து பார்த்தால் ஒரு வைக்கோல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த எங்கள் ஆயா, "அறுத்தியே, வாரி எங்க போட்ட?" என்று கேட்டது. எனக்கும் அதேதான் கேள்வி. வாரும் பட்டன் ஏதாவது இருக்கிறதா?

பென்னாகரம்_பரிசல்
சைலோ, அதான் வைக்கோல் சேமிக்கிற கோபுரம், கட்டினீங்களா? கட்டாமல் அறுத்தால் அவ்வளவும் காற்றோடு போச்சு. நானும் ஒரு காடு முழுக்க இப்படி அழித்தவன்தான்.

காரிமங்கலம்_கறவை
தம்பி, ஆயா கேட்டதிலேயே பதில் இருக்கிறது. வாரும் பட்டன் கிடையாது. சைலோ நின்றால் அறுத்தது தானாக அதற்குள் போய்விடும். அதுவும் முழுசாகப் போகாது. சாதா அரிவாளுக்குப் பாதிக்குப் பாதிதான் வைக்கோலாகும்.

கணக்குப் பார். ஒரு உருப்படிக்கு ஒரு நாளைக்கு ஒரு வைக்கோல். 12 உருப்படி, குளிர்காலம் 28 நாள், ஆக 336. ஒரு சைலோ 240தான் பிடிக்கும். அப்போ இரண்டு வேண்டும். நிறைந்த பிறகு அறுப்பதும் வீண்தான். முழுசையும் கால்நடை, தீனி விற்கிற மார்னியிடம் வாங்கினால் ஒன்று 50 காசு வீதம் 16,800. அந்தக் காசுக்கு இன்னும் நாலு மாடு வாங்கலாம்.

தச்சு வேலை செய்கிற ராபினிடம் சொன்னால் இரண்டு நாளில் கட்டிவிடுவாள். ஒன்றுக்கு 100 காசு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி. அதுவரை அரிவாளைத் தொடாதே. பிறகும் ஒரேயடியாக மொட்டை அடிக்காதே, அங்கங்கே திட்டுத் திட்டாக விடு, பரவும். இலையுதிர் காலம் 28ஆம் தேதிக்குள் அறுப்பை முடி. மழை நாளில் மாடு வெளியே போகாது, அன்றைக்கும் சைலோவில் இருந்துதான் தீனி. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ராகித் தாளைக் களத்து ஓரம் கல் பரப்பி, அதன் மேல் போர் போடுவோம். இல்லாவிட்டால் கரையான் அடியிலிருந்தே தின்றுவிடும். சித்திரையில் ஒரே பக்கம் பிடுங்கிப் பிடுங்கி, போரில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து விழும். அதைப் பார்த்தே அப்பா இன்னும் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று சொல்வார். சைலோவைத் தட்டினால் எண்ணிக்கையே வருகிறது, உனக்கு அந்தக் கவலை இல்லை.

பென்னாகரம்_பரிசல்
ஒரு சின்ன வேலை. வசந்தத்தில் பியேர் என்பவரின் விதைக் கடையில் 100 காசுக்குப் புல் விதைக்கட்டு வாங்கி நட்டு, அது மேலேயே ஒரு வேலிக்கம்பை ஊன்றிவிடுங்க. அந்தக் கட்டத்தை மாடு மேய முடியாது, ஆனால் புல் பக்கத்துக்குப் பரவிக்கொண்டே இருக்கும். கோதுமை அறுத்தாலும் சில சமயம் வைக்கோல் கிடைக்கும்.

அரூர்_கோழிக்கூடு
நன்றிங்க அண்ணா. கல் 200க்கு மேல் இருக்கிறது. களிமண் மூணுதான். தீனி பத்தாமல் போனால் மாடு செத்துவிடுமா?

காரிமங்கலம்_கறவை
சாகாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், பால் தராது. களிமண்ணுக்குச் சும்மா கிடக்கிற நிலத்தைக் கொத்து, கடற்கரை மணலையும் கொத்து. இரண்டு சைலோவுக்கு ஆகாவிட்டால் ஒன்றையாவது நாளைக்கே சொல்லிவிடு, பாக்கி 96ஐ மார்னியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

அரூர்_கோழிக்கூடு
சரிங்க, ஒன்று சொல்லியாச்சு. 19ஆம் தேதி தயார். மீதி வடக்குப் பக்கத்தை அறுக்கும்போது கூப்பிடச் சொல்லியிருக்கிறது ஆயா, வாரிப் போடுகிறேனா என்று பார்க்கணுமாம்.