லிப்ரேஆபீஸை ரெப்போவிலிருந்து பில்ட் செய்ய முழு வரலாறும் வேண்டுமா?

புதுவரவு: லிப்ரேஆபீஸ் என்ற திறந்த மூல ஆபீஸ் மென்பொருளுக்கு நிரல் எழுதிப் பங்களிக்க ஆசை. புதியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஈஸி ஹேக் பட்டியலில் ரைட்டர் (அதன் ஆவணம் எழுதும் செயலி) சம்பந்தமான ஒன்றைப் பிடித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் கோர் ரெப்போவை (மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிட் சேமிப்பகம்) குளோன் செய்யவே, அதாவது நகலெடுக்கவே முடியவில்லை. போனிலிருந்து வரும் நெட்தான், இரண்டு முறை பாதியில் அறுந்தது, இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மடிக்கணினியில் 8 ஜிபி ரேம். வெளியீட்டோடு வரும் மூலநிரல் டார் கோப்பை இறக்கி அதிலேயே வேலை செய்தால் போதாதா?

திண்ணைக்காரன்: போதாது. பயன்படுத்த மட்டும் என்றால் டார் கோப்பு சரி. நீங்கள் திருத்தி அனுப்பப் போவது நடப்பு வேலை நடக்கும் மாஸ்டர் கிளைக்கு, அது அந்த வெளியீட்டைத் தாண்டி எங்கோ போயிருக்கும், உங்கள் பேட்ச் (நீங்கள் செய்த திருத்தம்) அதில் ஒட்டாமல் போகலாம். முழு குளோன் எடுங்கள். லிப்ரேஆபீஸ் பிரிந்தது 2010-ல் என்றாலும் கிட் வரலாறு 2000-ல் ஓபன்ஆபீஸ் மூலநிரல் திறக்கப்பட்ட நாள்வரை பின்னால் போகிறது. ஒரு விநோதமான இஃப் வரியைப் பார்த்து இது எதற்கு என்று தோன்றும்போது கிட்டின் பிளேம் கட்டளையைப் போட்டால் எந்தப் பிழைக்காக அதை யார் சேர்த்தார்கள் என்று தெரியும். அது தெரியாமல் அந்த வரியை நீக்கினால் பழைய பிழை திரும்பி வரும்.

செங்காந்தள்: இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம் அண்ணா. அவருக்கு நெட் அறுந்துபோகிறது, கிட் குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது, நீங்கள் மறுபடியும் முழுசாக எடு என்கிறீர்கள். டெப்த் 1 கொடுத்து கடைசி கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் எடுக்கட்டும். பில்டுக்கு, அதாவது நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்ட, அது போதும். மொழிபெயர்ப்பு, உதவிப் பக்கங்கள், அகராதிகள் எல்லாம் தனித்தனி சப்மாட்யூல் (இணைத்து வைத்த வேறு ரெப்போ), ஆங்கில இடைமுகத்தோடு வேலை செய்ய அவை இப்போது வேண்டாம்.

திண்ணைக்காரன்: டெப்த் 1-ல் பிளேம் போட்டால் எல்லா வரியும் அந்த ஒரே கமிட்டின் தலையில் விழும். பிழை எந்தக் கமிட்டில் புகுந்தது என்று தேடும் பைசெக்ட் செய்யவும் வழியில்லை. பில்ட் ஆகும், ஆனால் நிரலைப் புரிந்துகொள்ள உதவாது.

செங்காந்தள்: அதற்குத்தான் வரலாற்றைப் பின்னோக்கி நீட்டும் டீப்பன் இருக்கிறது. முதலில் டெப்த் 1, பிறகு நெட் நன்றாக இருக்கும் நேரத்தில் ஐந்நூறு, ஆயிரம் கமிட்டாக ஃபெட்ச் செய்து ஆழப்படுத்திக்கொண்டே போகலாம், நடுவில் அறுந்தாலும் அதற்கு முன் வந்து சேர்ந்த தவணைகள் கையிலேயே இருக்கும். அதற்குள் அவர் பில்டை ஆரம்பித்துவிடலாம்.

திண்ணைக்காரன்: தவணை முறை நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். கிட்ஹப் நகலிலிருந்து பிளாப் (கோப்புகளின் உள்ளடக்கம்) இல்லாத பார்ஷியல் குளோனும் எடுக்கலாம். கமிட் வரலாறு முழுசும் வரும், பழைய கோப்புகள் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். ஆனால் அந்த முதல் இறக்கம் ஒரே மூச்சில் முடிய வேண்டும், பிளேம் போடும்போதும் நெட் இருக்க வேண்டும். அருகில் யாரிடமாவது முழு குளோன் இருந்தால் கிட் பண்டில் போட்டு (ரெப்போவை ஒரே கோப்பாக்கி) பென்டிரைவில் வாங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

வழிப்போக்கன்: எதற்கு இத்தனை சிரமம்? பேட்சை கெரிட்டில் (திருத்தங்களைப் பரிசீலிக்கும் தளம்) ஏற்றினால் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி சர்வர் லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் பில்ட் செய்து சொல்லிவிடுமே. சொந்தக் கணினியில் கட்டவே வேண்டாம்.

செங்காந்தள்: இதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்த இயந்திரங்கள் எல்லோருக்கும் பொது. நீங்களே ஓட்டிப் பார்க்காத நிரலை இன்னொருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருடைய நேரத்துக்குச் செய்யும் அநியாயம். எழுத்துப்பிழையைத் திருத்துவதென்றால் வேறு விஷயம்.

திண்ணைக்காரன்: இதில் நானும் செங்காந்தள் பக்கம். புதுவரவு, உபுண்டுவோ டெபியனோ என்றால் மூலநிரல் ரெப்போக்களை இயக்கிவிட்டு பில்ட்-டெப் போடுங்கள், சார்புகள் (பில்டுக்குத் தேவையான மற்ற மென்பொருள்கள்) வந்துவிடும். முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் சிசிகேஷ் கட்டாயம் நிறுவுங்கள், இயல்பு அளவு 5 ஜிபி பற்றாது, கூட்டிவையுங்கள். பில்ட் அமைப்புகளை எழுதும் ஆட்டோஜென் இன்புட் கோப்பில் பேரலலிசம் 2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) என்று எழுதுங்கள். விட்டால் எல்லா கோரையும் எடுத்துக்கொள்ளும், 8 ஜிபியில் ரேம் நிரம்பி கணினி உறைந்துவிடும். பிழை தேட உதவும் டீபக் தகவலையும் ரைட்டருக்கு மட்டும் இயக்குங்கள், முழுசுக்கும் போட்டால் லிங்க் செய்யும் கட்டத்தில் நினைவகம் தாங்காது.

புதுவரவு: டெப்த் 1 இறங்கிவிட்டது! இனி பில்டுக்கு make கட்டளையை மட்டும் கொடுத்தால் போதுமா?

செங்காந்தள்: வெறும் make யூனிட் சோதனைகளையும் சேர்த்து ஓட்டும். முதல் முறை அவற்றைத் தவிர்க்க make-ஓடு பில்ட்-நோசெக் கொடுங்கள். பூஸ்ட், ஐசியு மாதிரி வெளி நூலகங்களின் டார் கோப்புகளை அதுவே இறக்கும், அதனால் தொடக்கத்தில் நெட் வேண்டும். இரவு விட்டுவிட்டுத் தூங்குங்கள். நிறுவத் தேவையில்லை, இன்ஸ்ட்டிர் அடைவில் புரோகிராமுக்குள் இருக்கும் எஸ்ஆபீஸை நேரடியாக ஓட்டலாம். அடுத்த முறை எஸ்டபிள்யூ மாட்யூலை மட்டும் கட்டினால் போதும். ரைட்டரின் முன்னோடியான ஸ்டார்ரைட்டர் காலத்துப் பெயர், ரைட்டரின் நிரல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

திண்ணைக்காரன்: பேட்ச் அனுப்பும் முன் ரைட்டரின் சோதனைகளை ஒருமுறை முழுசாக ஓட்டிவிடுங்கள். அதற்குள் ஒரு ஐயாயிரம் கமிட்டாவது ஆழப்படுத்துங்கள், நீங்கள் தொடப்போகிற ஃபங்ஷனுக்கு பிளேம் போட்டு வருவதை இங்கே ஒட்டினால் சேர்ந்து பார்க்கலாம்.